யூசுப் பாயின் ரத்த வகை மாறியது எப்படி?

2006-ல் பெரம்பலூரில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் நிறுவனத்தில் புரோகிராமராக இருந்தேன். லப்பைக்குடிக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த யூசுப் பாய்க்காக, ரத்தம் கொடுக்க முன்வருபவர்களின் பட்டியலை வெப்சைட்டாகச் செய்து கொடுத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து நேராக ஆபீசுக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, நான் ஓ நெகட்டிவ். சைட்டுல ஏ பாசிட்டிவ்னு காட்டுது. நான் மாத்தலியே?"

எங்கள் மேனேஜர் சமாளித்தார். "டெஸ்ட் பண்ணாம ரத்தம் ஏத்த மாட்டாங்க பாய். பயப்படாதீங்க."

"அது சரிங்க. ஓ நெகட்டிவ் தேடுனா என் பேரே வராதுல்ல? நேத்து அரியலூர்ல ஒரு பிரசவ கேஸு. ஆள் கெடைக்காம திருச்சிக்குக் கொண்டு போயிருக்காங்க. நான் வூட்டுலதான் உக்காந்திருந்தேன்."

"அந்தப் பொண்ணு?" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ், பொழச்சிருச்சு."

மூச்சு வந்தது. ஆனால் எப்படி மாறியது?

"கடைசியா சைட்டுல என்ன பண்ணீங்க பாய்?"

"போன் நம்பர மாத்துனேன். அவ்வளவுதான்."

ஓ நெகட்டிவ்காரர் இன்னொருவரின் எடிட் பக்கத்தைத் திறந்தேன். பெயர், ஊர், போன் எல்லாம் சரி. ரத்த வகைப் பெட்டியில் மட்டும் ஏ பாசிட்டிவ் நின்றது. அந்தப் பெட்டியில் விரியும் எட்டு வகைகளில் முதல் வரி அதுதான்; எதைத் தேர்வதென்று சொல்லாவிட்டால் பிரவுசர் முதல் வரியையே காட்டும். பதிவுப் பக்கத்தில் வகைக்கு ஒரு எச்டிஎம்எல் வரியாகக் கையால் எழுதிய ஆப்ஷன் டேக்குகளை எடிட் பக்கத்திலும் அப்படியே ஒட்டியிருந்தேன். அவரவர் வகையைத் தேர்ந்து காட்டும் 'செலக்டட்' என்ற சொல் எங்குமே இல்லை. போன் நம்பரை மாற்றி சேவ் கொடுத்தவர்கள், தங்களுக்குத் தெரியாமலே ஏ பாசிட்டிவ் ஆகியிருந்தார்கள்.

நாங்கள் வெப்சைட் கட்டப் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க்கில், இப்படிப்பட்ட டேக்குகளைத் தானே எழுதித் தரும் வியூ ஹெல்பர் உண்டு. எச்டிஎம்எல் தெரிந்தவளுக்கு அது எதற்கு என்று தொடாமலே இருந்தேன். அன்று எட்டு டேக்குகளையும் அழித்துவிட்டு, ஒரே வரியில் ஹெல்பரை அழைத்தேன். வகைகளின் பட்டியலையும் அந்த நபரின் வகையையும் மட்டும் கொடுத்தேன். என்னதான் எழுதுகிறது என்று, பக்கத்தின் எச்டிஎம்எல்லைக் காட்டும் பிரவுசரின் வியூ சோர்ஸில் பார்த்தேன். எட்டு டேக்குகளையும் அதுவே எழுதி, ஓ நெகட்டிவ் வரியில் மட்டும் 'செலக்டட்' போட்டிருந்தது.

பதிவுக்குப் பிறகு எடிட் செய்தவர்கள் பதினோரு பேர். ஒவ்வொருவருக்கும் போன் செய்து கேட்டுத் திருத்தினேன். வேப்பந்தட்டை ஆசிரியர் ஒருவர் மட்டும், "நான் நெசமாவே ஏ பாசிட்டிவ்தாங்க" என்று சிரித்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். வெற்றுப் படிவம் அழகாக வந்ததும் எழுந்துவிடாதீர்கள். அதை நிரப்பி சேவ் செய்யுங்கள். மறுபடி திறந்து, எதையும் தொடாமல் இன்னொரு முறை சேவ் கொடுங்கள். கொடுத்தது கொடுத்தபடியே இருந்தால்தான் வேலை முடிந்தது.