லியோனார்ட் பார்க்காத முடிவுகள்

லியோனார்ட் எந்தப் படத்தையும் முடிவு வரை பார்த்ததில்லை. கல்யாணமான புதிதிலேயே பெர்னடெட் அதைக் கவனித்துவிட்டாள். அப்போது அவர்கள் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லைன் வீட்டில் இருந்தார்கள். வாடகைக்கு எடுத்துவந்த கேசட்டில் கதாநாயகனும் வில்லனும் நேருக்கு நேர் வந்து நிற்பார்கள். வீடே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சரியாக அந்த நேரத்தில் அவர் கைலியை உதறிக்கொண்டு எழுந்து படுக்கப் போய்விடுவார். கேசட் போய் சிடி வந்தது. தோட்டம் கைமாறி, மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். இவர்கள் ஈப்போவுக்குக் குடிவந்தார்கள். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

விடியுமுன் கமுந்திங் தொழிற்சாலைக்கு லோரி எடுக்க வேண்டும் என்று காரணம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தானே போகிறீர்கள் என்று அவள் கேட்டால், "எப்படியும் போலீஸ் வரும், கல்யாணம் நடக்கும். அதுக்கு நா எதுக்கு லா முழிச்சிருக்கணும்?" என்பார்.

பெர்னடெட் அதிகம் பேசுகிறவள் அல்ல. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அம்மாவோடு புல் வெட்டப் போய், பிறகு பாலுக்கு ரப்பர் மரம் சீவப் போனவள். ஈப்போவில் நூஹு என்பவரின் உணவகத்துச் சமையலறையில் வெங்காயம் உரிக்கும் வேலை கிடைத்தது. மற்றப் பெண்கள் சுவரில் ஃபோனைச் சாய்த்து வைத்து நாடகம் பார்த்தபடியே வேலை செய்வார்கள். அவள் நாடகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பாள். யார் எந்த இடத்தில் அழுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரே மகன் கொலின், டவுனில் ஒரு ஹேண்ட்ஃபோன் கடையில் வேலை செய்கிறான். அதனால் புதிது புதிதாக வருவதெல்லாம் பக்கத்து வீடுகளுக்கு முன்பே இவர்கள் வீட்டுக்கு வந்துவிடும். சுவரளவு தொலைக்காட்சியை வாங்கி, மாதாமாதம் கட்டிப் படம் பார்க்கும் கணக்கு ஒன்றையும் அவன்தான் திறந்து கொடுத்தான். அதில் மூன்று பெயர்கள், பெயருக்கு ஒரு பொம்மை முகம். லியோனார்டுக்கு மீசைக்கார முகம். தொழிற்சாலை வாசலில் சரக்கு இறக்கக் காத்திருக்கும்போது ஃபோனில் பார்ப்பார். வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியில் பார்ப்பார். பாதியில் விட்டவற்றை அந்தக் கம்பெனி ஒரு வரிசையாக அடுக்கி வைத்திருந்தது. ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரு சிவப்புக் கோடு. கோடு ஓடிவந்து, கடைசியில் ஒரு விரல்நுனி இடம் விட்டு நின்றிருக்கும். எல்லாப் படத்திலும் அப்படித்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், மழை பெய்த ஒரு காலையில், கமுந்திங்கில் லோரியை ஒழுங்காக ஓரம் கட்டி, கைபிரேக்கையும் போட்டுவிட்டு, ஸ்டீரிங்கில் தலை சாய்த்தபடி அவர் இறந்துபோனார்.

பல மாதம் அந்த வீட்டில் யாரும் தொலைக்காட்சி போடவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்த பெர்னடெட் சும்மா அதைத் தட்டிவிட்டாள். 'யார் பார்க்கிறீர்கள்?' என்று கேட்டு மூன்று முகங்களும் வந்து நின்றன. மீசைக்கார முகத்தை அமுக்கினாள். வரிசை அப்படியே இருந்தது. அதற்குக் கீழே 'லியோனார்ட், உங்களுக்காக' என்று புதுப் படங்களும் காத்திருந்தன. பேங்க்கில் இறப்புப் பத்திரம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். லைசென்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். தொழிற்சாலையில் அவர் படம் ஒட்டிய அட்டையைக்கூட எடுத்துக்கொண்டார்கள். அவர் செத்துப்போன செய்தி எட்டாதது இந்தக் கம்பெனி ஒன்றுக்குத்தான். அது பாட்டுக்கு ஆசையாக அவருக்குப் படம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து சாயந்திரம் கை கால் கழுவியதும் அவள் அந்த வரிசையைப் பார்ப்பாள். எதையும் அமுக்கமாட்டாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துவிட்டு அணைத்துவிடுவாள். அதனால்தான் ஒரு படம் குறைந்ததும் உடனே தெரிந்தது.

தவறுதலாகக் கைபட்டிருக்கும் என்று நினைத்தாள். அடுத்த மாதம் இன்னொன்று குறைந்தது. பிறகு ஒருநாள், ரயில் படம் போட்ட ஒன்றில் சிவப்புக் கோடு முன்தினம் நின்ற இடத்தைத் தாண்டி நின்றிருந்தது. மறுநாள் அந்தப் படமும் இல்லை. முடிவு வரை பார்த்துவிட்டால் படம் வரிசையிலிருந்து போய்விடும். கொலின் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அப்படியானால் அவர் முடிக்கிறார்.

இதை அவள் கொலினிடம் கேட்கவில்லை. கேட்டால் அவன் ஏதாவது பட்டனைத் தட்டுவான், வந்தது நின்றுபோகும். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தது அவளுக்கு நினைவிருந்தது. குறை வைத்துவிட்டுப் போன ஆன்மா நேரே மோட்சத்துக்குப் போவதில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்துத் தீயில் நின்று குறையைத் தீர்த்துவிட்டுத்தான் மேலே போகும். இங்கிருப்பவர்கள் கொடுக்கும் பூசை அதைச் சீக்கிரம் தீர்க்கும். மாதத்தின் முதல் வெள்ளியில் சிலிபின் மாதா கோயிலில் லியோனார்டுக்கு அவள் பூசை கொடுத்து வந்தாள். கணக்குப் போட்டுப் பார்த்தால், பூசை நடந்த வாரங்களில்தான் படங்கள் குறைந்தது போலிருந்தது.

முதலில் சந்தோஷமாக இருந்தது. கொடுத்த பூசை வீண் போகவில்லை. பிறகு ஒருநாள் வரிசையைப் பார்த்தாள்; பாதிக்கு மேல் காலி. கடைசிப் படமும் முடிந்துவிட்டால் அவர் போய்விடுவார். இந்த முறை போனால் போனதுதான்.

அடுத்த முதல் வெள்ளிக்கு அவள் பூசை கொடுக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் கொடுக்கவில்லை.

கோயிலில் பூசைக்குப் பெயர் எழுதும் இசபெல்லா வாய் சும்மா இருக்காதவள். ஒரு ஞாயிறு படிக்கட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, அண்ணே மோட்சம் சேர்ந்துட்டாரா? பேரையே காணோம்."

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். பெர்னடெட்டும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். தீயில் நிற்கிறவரைக் கைகொடுத்துத் தூக்காமல், சட்டையைப் பிடித்து அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விட மனம் வரவில்லை. இத்தனைக்கும் படங்கள் குறைவது நிற்கவில்லை. மெதுவாக, ஒன்றிரண்டாகப் போய்க்கொண்டுதான் இருந்தன. வேறு யாரோ அவருக்காக வேண்டிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது என்று, யாரென்று தெரியாத அந்த ஆள்மேல் அவளுக்குக் கோபம் வந்தது.

விஷயம் வெளியே வந்தது கம்பெனியால்தான். ஒரே வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே ஒரு கணக்கில் பார்க்கலாம் என்று அவர்கள் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். ஒரு மத்தியானம் கொலின் தொலைக்காட்சியைப் போட்டான்; வீட்டுக்கு வெளியே ஒரு ஃபோனில் இந்தக் கணக்கு ஓடுகிறது என்று திரையில் எழுத்து வந்தது.

"யாரோ நம்ம கணக்குல பாக்குறான்மா. அதுவும் அப்பா பேர்லயே. வெட்டி விட்டுடறேன்."

"வேணாம்யா."

இந்த மாதிரி விஷயத்தில் அவள் குறுக்கே பேசியதே இல்லை. கொலின் திரும்பிப் பார்த்தான்.

"அப்பாதான் பாக்குறாரு," என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. ரிமோட்டைக் கீழே வைத்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பூசையை நிறுத்தியதையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு அப்பாவின் ஃபோன் எங்கே போனது என்பதைச் சொன்னான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் இறந்தவரின் துணிமணி, சாமானை வீட்டுக்கு வெளியிலிருந்து வரும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். எதையும் பிடித்து வைக்கக்கூடாது. வைத்தால் போனவர் தேடிக்கொண்டு வருவார் என்பார்கள். லியோனார்டின் பையைப் பழைய தோட்டத்துக் கூட்டாளி பத்துமலைக்குக் கொடுத்தார்கள். ஃபோன் கொலினிடம் இருக்கிறது என்றுதான் பெர்னடெட் நினைத்திருந்தாள். அவன் அதையும் ஒரு சட்டைக்குள் சுருட்டிப் பையில் வைத்துவிட்டான். கடையில் பழைய ஃபோன் விற்க வருகிறவர்களுக்கெல்லாம் உள்ளே இருப்பதைத் துடைத்துக் கொடுப்பது அவன் அன்றாட வேலை. அப்பாவின் ஃபோனிலும் அதைத்தான் செய்யப் போனான். எல்லாவற்றையும் அழிக்கவா என்று அது கேட்டது.

"அமுக்க முடியலம்மா. சிம் கார்ட மட்டும் கழட்டிட்டு அப்படியே குடுத்துட்டேன்."

அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாவுச் செய்தி இரண்டாம் முறை வந்ததுபோல் இருந்தது. இதற்காகவா இத்தனை மாதம் அவரைப் பூசையில்லாமல் விட்டோம் என்ற நினைப்பு அதற்கும் பிறகுதான் வந்தது; வந்தது போகவில்லை.

அடுத்த ஞாயிறு கொலினின் காரில் பீடோருக்குப் போனார்கள். பழைய தோட்டத்தின் கேட்டில் பத்துமலை காவலுக்கு இருக்கிறார். செம்பனை நிழலில், சாலைக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். லியோனார்டின் நீலக் கட்டம் போட்ட சட்டை. பெர்னடெட் காரின் கதவைப் பிடித்தபடி இறங்காமல் உட்கார்ந்துவிட்டாள். அவர் திரும்பி, வெற்றிலைக் கறை படிந்த பல்லைக் காட்டிய பிறகுதான் இறங்கினாள்.

காவல் கொட்டகையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஃபோன் பிளாஸ்டிக் பைக்குள் ஆணியில் தொங்கியது. ஆபீஸ் பிள்ளை ஒருத்தி சிம் போட்டுக் கொடுத்தாளாம். எழுத்துக் கூட்டிப் படிக்க வராததால், முதலில் எந்தப் படம் தெரிகிறதோ அதை அமுக்குவாராம். ஹேண்ட்ஃபோன் கடைக்காரன் வந்திருப்பது நல்லதாயிற்று என்று கொலினிடம் புகாரே கொடுத்தார்.

"இதுல ஒரு கோளாறு இருக்கு தம்பி. எந்தப் படத்த அமுக்குனாலும் கடைசியிலதான் ஆரம்பிக்குது. சண்ட போடுறான், ஒருத்தன் சாவுறான், பேரு ஓடுது. எதுக்கு அடிச்சிக்கிறானுங்கன்னே தெரியல லா."

கொலின் சிரித்துவிட்டான். பெர்னடெட்டும் சிரித்தாள், சிரிப்பு நடுவிலேயே உடைந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பத்துமலைக்குப் புரிந்ததோ புரியவில்லையோ, ஃபோனை ஆணியிலிருந்து எடுத்து நீட்டினார்.

"நா பாக்கக்கூடாததப் பாத்துட்டேனா தங்கச்சி?"

"இல்லண்ணே. வெச்சிக்குங்க."

கிளம்பும்போது அவள் ஒன்று கேட்டாள். படகு போட்ட படம் ஒன்று உண்டே, வருடத் திவசம் வந்த வாரம் வரிசையிலிருந்து போனது, அதன் முடிவு என்ன என்றாள். பத்துமலை நெற்றியைத் தேய்த்து யோசித்தார். படகுப் படம் எதையும் தான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் மறக்கமாட்டேன் என்றார்.

காரில் வரும்போது கொலின் அதற்கு விளக்கம் சொன்னான். படத்துக்குச் சொந்தக்காரனோடு ஒப்பந்தம் முடிந்தால் கம்பெனிக்காரனே படத்தை எடுத்துவிடுவான். அப்போது யார் பெயரில் தேடினாலும் கிடைக்காது. அவள் பெயரில் போய்த் தேடினாலே தெரிந்துவிடும் என்றான். அவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து தேடவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் கோயில் ஆபீசில் இறங்கி, லியோனார்டின் பெயரை மாதாமாதம் எழுதிக்கொள்ளச் சொன்னாள். இசபெல்லா என்னவோ கேட்க வாயெடுத்தாள்; அவள் முகத்தைப் பார்த்து, பேசாமல் எழுதிக்கொண்டாள்.

"அவரு போகட்டும்," என்றாள் பெர்னடெட். இசபெல்லா கேட்காத கேள்விக்குத்தான் அந்தப் பதில்.

இப்போது பத்துமலைக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. கொலின் எடுத்துக் கொடுத்தான். படங்களை முதலிலிருந்து பார்க்கிறார், ரொம்ப நீளம் என்கிறார். அவருடைய ஃபோனில் லியோனார்டின் பெயர் இல்லை. வீட்டுத் தொலைக்காட்சியில் மட்டும் இருக்கிறது. அதை வேறு யாரும் தொடுவதில்லை. சிலிபின் கோயிலில் முதல் வெள்ளிதோறும் அவருக்குப் பூசை நடக்கிறது. பீடோர் போய்வந்த அன்று வரிசையில் நான்கு படங்கள் இருந்தன. இப்போது மூன்று இருக்கின்றன.