எதிர்மரை

'டிக்'கென்று அந்தச் சத்தம் பின்னறையிலிருந்து வந்தபோது அவள் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. கியர்பாக்ஸ் மெக்கானிக்கின் மனைவியாக முப்பத்தோரு வருஷம் வாழ்ந்தவள். அது போல்ட்டின் தலை ஒடிந்த சத்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஈரக் கையோடு ஓடினாள்.

காரிலிருந்து இறக்கிய கியர்பாக்ஸ் மேசைமேல் வயிறு பிளந்து கிடந்தது. மேசையோரத்து இரும்பு வைஸின் பிடியில், இரண்டு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பழைய டிஃபரன்ஷியல். அதன் இடுப்பைச் சுற்றிய பெரிய பல்சக்கரத்தைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் பழையது இழுவை முழுவதையும் அந்தச் சக்கரத்துக்கே வீணாகக் கொடுக்கும். புதியது அப்படியில்லை, வழுக்காத சக்கரத்துக்கும் பங்கு கொடுத்து வண்டியைக் கரையேற்றும். "நம்ம ரெண்டு பேரு மாதிரிடி. ஒருத்தர் சறுக்கினா இன்னொருத்தர் இழுக்கணும்" என்று காலையில் அவர் சிரித்துக்கொண்டேதான் வேலையைத் தொடங்கியிருந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன் எண்ணெய் ஊற்றாமலே ஒரு கியர்பாக்ஸை மாட்டி அனுப்பிவிட்டார். வண்டி நடுரோட்டில் புகைந்து நின்றது. ஒர்க்‌ஷாப் முதலாளி அவரைக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்த மனிதர் நாளுக்கு நாள் தேய்ந்துபோனார். மனம் பொறுக்காமல் போன வாரம் இவளே முதலாளியிடம் போய் அழுதாள். "இதை உங்க கார்ல அவரே மாட்டட்டும் அண்ணி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து பாக்கறேன். சரியா இருந்தா மறுநாளே வேலைக்கு வரட்டும்" என்று சொல்லி அந்தப் புதிய டிஃபரன்ஷியலை அவள் கையில் கொடுத்தனுப்பினார் அவர்.

இதோ, அந்தச் சாயங்காலம் வந்துவிட்டது. பல்சக்கரத்தைப் பிடித்திருந்த பத்து போல்ட்டில், அவள் காதில் விழாத இரண்டையும் சேர்த்து, மூன்றின் தலைகள் ஒடிந்து மேசைமேல் உருண்டு கிடந்தன.

"எந்தப் பக்கம் திருப்பறீங்க?"

"இடது பக்கம். கழட்டணும்னா வேற எந்தப் பக்கம் திருப்புவாங்க? ஏ எதிர்மரை, நீ எனக்குப் பாடம் நடத்த வந்தியா? அந்தத் துணியை எடு."

எதிர்மரை! கல்யாணமான புதிதில் அவர் வைத்த பெயர் அது. "எங்க கியர்பாக்ஸ்ல பத்து போல்ட்டு இருக்கு. எல்லாம் எதிர்மரை. ஊர் உலகத்துக்கு நேர்மாறா, வலது பக்கம் திருப்பினாத்தான் கழலும். உன் கோபமும் அதே ரகம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"ஏங்க, என்னை எதுக்கு எதிர்மரைன்னு கூப்பிடறீங்க?"

அவர் ஸ்பேனரைப் பிடித்தபடியே யோசித்தார். நெற்றி சுருங்கியது. அவர் கண்கள் எதையோ தேடி எங்கெங்கோ போய் வெறுமையாகத் திரும்பின.

"சும்மாதான். கூப்பிட்டுப் பழகிப் போச்சு."

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

உள்ளே வந்த முதலாளி, "என்ன அண்ணே, வயித்தைக் கிழிச்சுப் போட்டுட்டீங்க போல?" என்று சிரித்தபடி மேசையருகே போனார். ஒடிந்த தலைகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அவள் முந்திக்கொண்டாள். "எல்லாம் துருப்பிடிச்ச போல்ட்டு தம்பி. அதான் ஒடிஞ்சுருச்சு."

முதலாளி ஒரு தலையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வருஷக்கணக்கா எண்ணெய்க்குள்ள முங்கிக் கிடந்த போல்ட்டு அண்ணி. இதுல துரு எங்கேருந்து வரும்?"

அவள் தலை குனிந்தாள். பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத பாவி!

"அண்ணே, இதை எந்தப் பக்கம் திருப்பணும்?" முதலாளியின் குரல் கெஞ்சியது. சரியான பதில் வந்துவிட வேண்டுமே என்று அவரும் தவித்தார்.

அவருக்குப் பின்னால் நின்ற அவள் கையை உயர்த்தி, வலது பக்கம், வலது பக்கம் என்று காற்றில் திருகிக் காட்டினாள். தெய்வமே, இந்த ஒரு தடவை மட்டும்!

கணவர் அவளையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"அங்க பாரு தம்பி, உங்க அண்ணி பின்னால நின்னு பல்பு மாட்டறா!"

யாரும் சிரிக்கவில்லை.

"இடது பக்கம்தான்ப்பா. இது என்ன கேள்வி? அது கெடக்கு, காலையில எத்தனை மணிக்கு வரட்டும்?"

"நான்... சொல்லி அனுப்பறேண்ணே."

"துவைச்ச காக்கிச் சட்டையை எடுத்து வை எதிர்மரை!" என்று உற்சாகமாய்ச் சொல்லிவிட்டு அவர் மறுபடி ஸ்பேனரை எடுத்தார்.

வாசலில் செருப்பை மாட்டியபடி முதலாளி தணிந்த குரலில் சொன்னார். "இவர்கிட்ட தொழில் கத்துக்கிட்டப்ப ஒரு தடவை இந்தப் போல்ட்டை நான் தப்பா திருப்பிட்டேன். அதுக்கு ஒரு வாரம் என்கூட பேசாம இருந்த மனுஷன் அண்ணி இவரு. தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட காட்டுங்க. நாளைக்கு ஆள் அனுப்பி கியர்பாக்ஸை எடுத்துக்கறேன். நாங்களே மாட்டித் தர்றோம்."

"வேண்டாம் தம்பி. மேசையிலேயே கிடக்கட்டும். அதையும் எடுத்துட்டா அவர் விடிஞ்சதும் எந்திரிச்சு எங்க போவார்?"

பின்னறையிலிருந்து மறுபடி 'டிக்'கென்று கேட்டது. நான்காவது.

இருவருக்கும் கேட்டது. முதலாளி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. படியிறங்கி, திரும்பாமல் தெருவில் நடந்தார். அவர் திருப்பத்தில் மறையும்வரை நின்றிருந்துவிட்டு, அவள் கதவைச் சாத்தினாள்.