கோர்ட்டுக்கு வந்த களியும் குழம்பும்

தர்மபுரி கோர்ட்டு ஹாலுக்குள் கருவாட்டுக் குழம்பு மணந்த நாளில் நான் அங்கே இருந்தேன். பின்வரிசை பெஞ்சில் தூங்கி வழிந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் சட்டென்று கண்ணைத் திறந்து மூக்கை உறிஞ்சினார். கறுப்புக் கோட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். என் சின்னம்மாவின் வாழ்க்கை அந்த வாசனையால்தான் திசை மாறியது என்று சொன்னால், இவள் நன்றாக அளக்கிறாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன! நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள். சின்னப்பா ஆள் ஜோராக இருப்பார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பக்கத்தில் போனால் சென்ட் வாசனை. ஏலம் கூவ ஆரம்பித்தால் அவர் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். அவர் பாப்பாரப்பட்டியில் இன்னொரு பெண்ணோடு தனிக்குடித்தனம் நடத்துகிறார் என்பது ஊர் முழுக்கத் தெரிந்து, கடைசியாகச் சின்னம்மாவுக்குத் தெரிந்தது. அன்றைக்கே மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பிறந்த ஊரான இண்டூருக்குக் கிளம்பி வந்துவிட்டாள். அழுதாளா என்றால், அழுதாள். ஆனால் இடுப்பில் மிக்சியை இடுக்கிக்கொண்டு அழுதாள். "எங்கப்பன் போட்ட தோட்டை வித்து வாங்குனது. இதுல அவளுக்குச் சட்டினி அரைச்சுக் குடுக்கட்டும்னு வுட்டுட்டு வரவா?" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள். எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவள் வந்து இறங்கியது அவளுடைய அண்ணன் வீட்டில், அதாவது என் மாமா வீட்டில். மாமா கெட்டவர் இல்லை. ஆனால் விளைகிற தக்காளியை எல்லாம் சின்னப்பாவின் மண்டியில்தான் போட்டுக்கொண்டிருந்தார். அதனால் அவருக்குத் தங்கையின் கண்ணீரும் தெரிந்தது, மச்சானின் முகமும் தெரிந்தது. "ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான், நீதான் அனுசரிச்சுப் போவணும்" என்று தினமும் ஓதுவார். சின்னம்மா விவாகரத்தும் ஜீவனாம்சமும் கேட்டு வழக்குப் போட்டபோது, ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "கேஸு தோத்தா மறுபேச்சு பேசக் கூடாது. நானே கொண்டுபோயி அந்த வூட்டுல வுட்டுட்டு வந்துருவேன்."

எங்கள் வக்கீலம்மா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். அவருடைய மேஜைக்கு எதிரே சின்னம்மா பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன். "இங்க பாருங்கம்மா. அவரு வேற பொம்பளகூட இருக்காருன்னு நிரூபிச்சுட்டா, நீங்க தனியா இருக்கறதுக்கு நியாயம் இருக்குது. ஜீவனாம்சம் கேக்கலாம். நிரூபிக்க முடியலைன்னு வைங்க, புருசன் வா வான்னு கூப்புட்டும் காரணம் இல்லாம வராதவன்னு ஆயிரும். கையில ஒண்ணும் கெடைக்காது." இன்னொன்றும் சொன்னார். பெண்டாட்டி வேறொருவனோடு வாழ்கிறாள் என்று புருசன் நிரூபித்துவிட்டால் அவளுக்கு ஜீவனாம்சமே கிடையாதாம். அதனால் எதிர்த்தரப்பு ஏதாவது கிளப்பிவிடுவார்கள், சொசைட்டியில் பால் ஊற்றப் போகும்போதுகூட யாரிடமும் நின்று பேச வேண்டாம் என்றார். "பால் அளக்கறவன்கிட்ட பேசாம மாட்டுகிட்டயா பேசறது?" என்று சின்னம்மா கேட்டாள். வக்கீலம்மா சிரித்தது அன்றைக்குத்தான்.

சாட்சிதான் கிடைக்கவில்லை. பாப்பாரப்பட்டி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், எதிர்ப் பெட்டிக்கடைக்காரர், சின்னப்பாவை பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிடுகிற மண்டிப் பையன் என்று எல்லாரும் வாய் நிறையப் பேசினார்கள். கோர்ட்டு என்றதும் எல்லாருக்கும் அவசர வேலை வந்தது. பாதிப் பேர் அந்த மண்டியில் தக்காளி போடுகிறவர்கள். மாமாவையே வக்கீலம்மா கேட்டுப் பார்த்தார். சின்னப்பாவையும் அந்தப் பெண்ணையும் சந்தையில் ஒன்றாகக் கண்ணால் பார்த்தவர் அவர். "அய்யோ, நமக்கு அந்தக் கூண்டெல்லாம் ஒத்து வராதுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். சின்னம்மா அதற்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவள் வாயை மூடி நான் பார்த்தது அபூர்வம். எனக்கு மாமா மீது வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல.

விசாரணை அன்று சின்னம்மாவும் நானும் முதல் பஸ்ஸிலேயே போய் உட்கார்ந்துவிட்டோம். சின்னப்பா கூண்டில் ஏறினார். அடடா, அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டுமே! நாலு நாள் தாடி, கசங்கின சட்டை, சென்ட் வாசனை மருந்துக்கும் இல்லை. ஏலம் கூவுகிற தொண்டையா அது என்று சந்தேகப்படும்படி இழுத்து இழுத்துப் பேசினார். "எனக்குன்னு வேற யாருங்க இருக்காங்க? இவளக் கூட்டிட்டுப் போவத்தான் நானும் அலையறேனுங்க. பொம்பள இல்லாத வூடு. நானே அடுப்புப் பத்த வெச்சு, நானே களி கிண்டி, நானே தின்னுட்டுக் கெடக்கறேனுங்க சாமி." ஜட்ஜய்யா பேனாவை வைத்துவிட்டு அவரை இரக்கமாகப் பார்த்தார். சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது, இன்று சாயந்தரம் பாலக்கோடு பஸ்தான் என்று எனக்கே தோன்றிவிட்டது.

அப்போதுதான் அந்தக் குழம்பு வாசனை. வாசலில் ஒயர்கூடையும் சாப்பாட்டுத் தூக்குப்போசியுமாக ஒரு பெண் நின்றிருந்தாள். கோர்ட்டுச் சிப்பந்தி தடுக்கத் தடுக்க, அவருடைய கையை விலக்கிவிட்டுக் கூண்டில் இருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய்யா! நீயா களி கிண்டற? துடுப்ப எந்தப் பக்கம் புடிக்கறதுன்னு தெரியுமா ஒனக்கு? விடிய எந்திரிச்சு, கட்டி வுழாம கிண்டி, சக்கரை ஒடம்பாச்சே, பசி தாங்காதேன்னு பஸ் ஏறி வந்திருக்கறேன். இங்க நின்னுக்கிட்டு யாருமே இல்லைங்கறயா?"

ஹால் முழுவதும் சிரித்தது. ஜட்ஜய்யா மேஜையைத் தட்டினார், ஆனால் அவருடைய உதடும் நேராக இல்லை. சின்னப்பா கண்ணாலேயே "போ, போ" என்று விரட்டிப் பார்த்தார். வக்கீலம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. இந்த அம்மாவை இப்போதே சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்றார். பாப்பாரப்பட்டிப் பெண்ணிடம் நிலத் தகராறு வழக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் மனுஷன்! முதல் சம்சாரத்தோடு எப்போதோ தீர்த்தாகிவிட்டது என்றும் அவளிடம் சொல்லி வைத்திருந்தார். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்த பிறகுதான் இது என்ன வழக்கு என்று அவளுக்கே புரிந்தது.

சின்னப்பாவின் வக்கீல் கெட்டிக்காரர். தப்பிக்க ஒரு வழியை அவளுக்கே திறந்துவிட்டார். "நீங்க அவருக்குச் சமைச்சுக் குடுக்கற வேலைக்காரம்மா, அவ்வளவுதானே?" என்று இதமாகக் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவளுடைய குடித்தனம் பிழைத்திருக்கும், எங்கள் வழக்கு படுத்திருக்கும். சின்னப்பா தலையை மேலும் கீழுமாக ஆட்டினார்.

"வேலைக்காரின்னா சம்பளம் குடுத்திருப்பாருல்லீங்க? ஒத்தப் பைசா குடுத்ததில்லீங்களே!" என்றாள். மறுபடியும் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் முதன்முதலாகச் சின்னம்மா பக்கம் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஜட்ஜய்யாவிடம், "இந்தக்காவ இன்னிக்குத்தாங்க பாக்கறேன். இன்னும் இவங்க வூட்டுக்காரருதான்னு தெரியாமத்தான் இத்தனை வருசம் அவரோட குடும்பம் நடத்துனேன். இவங்க வூட்ட வுட்டு வந்ததுல தப்பே இல்லீங்க. எழுதிக்கங்க" என்றாள். குரல் கடைசியில்தான் கொஞ்சம் உடைந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சின்னம்மாவோ என் கையை நெரித்தே விட்டாள்.

தீர்ப்பு சின்னம்மாவின் பக்கம் வந்தது. விவாகரத்தும் கிடைத்தது, மாதாமாதம் ஜீவனாம்சமும் கிடைத்தது. பாப்பாரப்பட்டி வாடகை வீடு அந்தப் பெண்ணின் பெயரில் இருந்ததால் சின்னப்பாவின் சட்டைகள் எல்லாம் விசாரணை அன்று மாலையே வாசலுக்கு வந்துவிட்டன என்று கேள்வி. அதன்பின் அவர் நிஜமாகவே களி கிண்டக் கற்றுக்கொண்டாராம். கட்டி கட்டியாக வருமாம்.

தீர்ப்பு வாங்கப் போன அன்று சின்னம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பொண்ணுக்கு என்னங்க கெடைக்கும்?" என்பதுதான். தாலி கட்டிய மனைவி இல்லையே, அந்தம்மாவுக்கு வழி ரொம்பக் கஷ்டம் என்றார் வக்கீலம்மா. ஒரே ஆள் செய்த துரோகம், ஏமாந்தது இரண்டு பேர். ஒருத்திக்குச் சோற்றுக்கு வழி பிறந்தது, வழியைத் திறந்துவிட்டவள் வெறுங்கையோடு பஸ் ஏறினாள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. சின்னம்மா அப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. அடுத்த வாரமே பாப்பாரப்பட்டிக்கு பஸ் ஏறிவிட்டாள். இரண்டு பேரும் என்ன பேசினார்களோ, அன்று முதல் போக்குவரத்து நிற்கவே இல்லை. நானும் அந்தப் பெண்ணை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார், சம்பளத்துக்கு.

போன ஆவணியில் சின்னம்மாவின் மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு அப்பா என்ற முறையில் சின்னப்பாவும் வந்திருந்தார், மறுபடியும் மடிப்புக் கலையாத சட்டையோடு. அந்த அக்கா உள்ளே நுழைந்ததைக் கண்டதும் தூணுக்கு அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். சின்னம்மா அக்காவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து முதல் பந்தியில் உட்கார வைத்தாள். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. பாயாச வாளியோடு போன பையனை நிறுத்தி வைத்துக்கொண்டு, "இவளப் போயி எதுக்குக் கூப்புட்ட? மாப்பிள்ளை வூட்டுக்காரங்க யாருன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லறது?" என்று பல்லைக் கடித்தார்.

சின்னம்மா குரலைத் தாழ்த்தவில்லை.

"நீங்க ஏற மாட்டேன்னு சொன்ன கூண்டுல ஏறுனவங்கன்னு சொல்லுங்கண்ணா."

மாமா பையனின் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு, அவரே அந்த அக்காவின் இலைப் பக்கம் நடந்தார்.