ஆனையிறவில் ஆடிய ஜீப்

கனடாவில் இருந்து வல்வெட்டித்துறைக்கு வருகிறவர்களைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏற்றி வந்து வீட்டு வாசலில் இறக்குவது தர்சினியின் தொழில். வாகனம் ஒரு பழைய ஜீப். அவள் கணவன் ஜெயரூபன் பைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப்போடுகிறவன். உப்புத் தண்ணீருக்குள் இறக்கி வள்ளம் இழுப்பதற்கென்று அதை வாங்கியவன் அவன்தான். சும்மா நிற்கிற நேரத்தில் ஹயருக்கு, வாடகைக்கு, ஓடுகிறேன் என்று அவனிடம் மன்றாடிச் சாவியை வாங்கியவள் அவள். ஓட ஓட ஹயரே வீட்டுக்குச் சோறு போடத் தொடங்கியது. வள்ளத்தை வேறு வாகனம் இழுத்தது.

இந்த வருடம் தென்மேற்கால் அடிக்கும் சோழகக் காற்று தொடங்கியதும் ஜீப்புக்கு ஒரு வியாதி வந்தது. ஊருக்குள் ஓடினால் பச்சைப்பிள்ளை போலச் சாது. ஏ9 வீதியில் எண்பதைத் தொட்டு, எதிரே ஒரு பஸ்ஸும் விசுக்கென்று கடந்தால் போதும், கள்ளுத் தவறணையில் இருந்து வருகிறவன் மாதிரித் தள்ளாடும். அப்படித் தள்ளாடிய ஒரு நாள் உள்ளே இருந்தவர் அதே ஊர்ச் செல்வநாயகி அக்கா. பரந்தனில் "சந்நிதி முருகா" என்று தொடங்கிய மனிசி வீட்டுப் படலை வரைக்கும் நிறுத்தவில்லை. அடுத்த நாள் ஊர் முழுக்க அதுதான் கதை. பொம்பிளைக்கு ஏன் இந்தத் தூர ஓட்டம் என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா?

ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். கட்டினவனும் அதையே சொன்னதுதான் பொறுக்கவில்லை.

"வேகம் கூடினால் உம்மடை கை பதறுது," என்றான் ஜெயரூபன். "வெள்ளிக்கிழமை செல்வநாயகி அக்கான்ரை மகள் கனடாவிலை இருந்து வாறா. சந்தியிலை வான் ஓடுற கஜீபனை ஜீப்பைக் கொண்டு போகச் சொல்லியிருக்கு."

"வெள்ளிக்கிழமை மட்டுமோ?"

"பிறகும் அவனே ஓடட்டுமன். நீர் வீட்டிலை ஆறுதலா இரும்."

"என்ரை கை ஆடேல்லை. ஜீப்தான் ஆடுது."

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்று சிரித்தான்.

தர்சினி குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதாள். கவலையில் இல்லை, கோபத்தில். ஸ்ரேறிங்கைப் பிடித்த பிறகுதான் தான் ஒரு ஆள் என்று அவளுக்குத் தெரிந்தது. அதை ஒரு பகிடியோடு பறித்து இன்னொருவன் கையில் கொடுப்பதா? முகத்தைக் கழுவினாள். வெள்ளிக்கிழமைக்கு முதல் பிழையைக் கண்டுபிடிக்கிறது, இல்லாவிட்டால் தான் தர்சினி இல்லை என்று முடிவுகட்டினாள்.

புத்தூரில் கராஜ் வைத்திருக்கும் மார்க்கண்டு அண்ணை ஜீப்பை எடுத்துத் தோட்டங்களுக்குள்ளால் ஒரு சுற்று ஓடிப் பார்த்தார்.

"ஒரு பிழையும் இல்லை, பிள்ளை."

"வெங்காயத் தோட்டத்துக்கு நடுவிலை நாப்பதிலை ஓடினால் எது ஆடும், அண்ணை? ஆனையிறவுக்கு வாங்கோ."

"கராஜைப் பூட்டிப்போட்டோ?"

"ஓம்."

இயந்திரத்தை நிறுத்தாமல் அங்கேயே நின்றாள். அவர் முணுமுணுத்தபடி கராஜைப் பூட்டிவிட்டு ஏறினார்.

ரயர்களுக்குக் காற்றுச் சரிபார்த்துக்கொண்டு மீசாலையால் ஏ9க்கு ஏறினார்கள். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர். காற்றுக்குத் தடையே இல்லை. எண்பதில் ஒரு லொறி கடந்தது. ஜீப் தன் குணத்தைக் காட்டியது. மார்க்கண்டு அண்ணை இரண்டு கையாலும் முன்னுக்கு இருந்த பிடியைப் பிடித்தார்.

"பிடியைப் பாக்காதையுங்கோ, என்ரை கையைப் பாருங்கோ," என்றாள் தர்சினி.

பார்த்தார். ஸ்ரேறிங் அறைந்து வைத்ததுபோல் நின்றது. வாகனத்தின் பின்பக்கம் மட்டும் இடமும் வலமும் போய் வந்தது.

"மெய்தான், பிள்ளை. முன்னுக்கு ஒண்டுமில்லை. பின்னுக்குத்தான் ஏதோ விட்டுப்போச்சு."

அதன் பிறகு அவருக்கும் ரோசம் வந்துவிட்டது. முன் ரயரைப் பின்னுக்குப் போட்டார்; ஆட்டம் குறையவில்லை. பின் அச்சு பக்கவாட்டில் அசையாமல் பிடித்துக்கொள்ளும் தண்டு ஒன்று உண்டு. அதன் முனைகளில் தேய்ந்து கிடந்த றப்பர் புஸ்களை மாற்றினார். மறுபடியும் ஆனையிறவு, மறுபடியும் அதே ஆட்டம்.

"பழைய வாகனம், பிள்ளை. எழுபதுக்கு மேலை ஓடாதை. விடு."

"நான் விட்டால் கஜீபன் பிடிப்பான். நீங்கள் பக்கத்திலை நிண்டு ஜீப்பைத் தள்ளுங்கோ, நான் கீழை இறங்கிப் பாக்கிறன்."

ரோச்சையும் நட்டுக் கழற்றும் சாவி ஒன்றையும் எடுத்துக்கொண்டு கராஜ் குழிக்குள் இறங்கினாள். மேலே அவர் மூச்சு வாங்கத் தள்ளினார். புது புஸ் அசையவில்லை. தண்டின் மேல்முனையைச் சேசிசோடு, அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தோடு, பூட்டும் இரும்புக் காது அசைந்தது. மயிரளவுதான், ஆனால் அசைந்தது. அடிப்பாகம் முழுக்கத் துருவும் சேறுமாய் இருக்க, அந்த இடத்தில் மட்டும் கறுப்பு பெயின்ற் வழுவழுவென்று இருந்தது. மற்ற இரும்பைச் சாவியால் தட்டினாள், டங் என்றது. காதைத் தட்டினாள், டொக் என்றது.

அந்தச் சத்தத்தை அவள் கலியாணம் கட்டிய நாளில் இருந்து கேட்கிறாள். வீட்டு முற்றத்தில் கவிழ்ந்து கிடக்கும் வள்ளங்களைத் தட்டினால் அதுதான் சத்தம்.

பெயின்றைச் சுரண்டினாள். உள்ளே பைபர் நூல். நூலுக்குப் பின்னால் உப்புத் தின்ற இரும்பு, முறுக்கு மாதிரி நொறுங்கிக் கையில் வந்தது.

"ஆர் உந்த வேலை பாத்தது?" என்றார் மார்க்கண்டு அண்ணை, குனிந்து எட்டிப் பார்த்து. "கறுப்பைப் பாத்து நல்ல இரும்பெண்டெல்லே இருந்திட்டன்."

அவளுக்குத் தெரியும். தைப்பொங்கலுக்கு வாகனம் கழுவும்போது, கீழே ஒரு சின்ன ஓட்டை, அடைத்துவிட்டேன் என்று பிசின் வாளியோடு எழும்பி வந்தவன் வேறு யார்? வள்ளத்துக்கு அது நல்ல ஒட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. வாகனத்தின் பின் அச்சையே இழுத்துப் பிடிக்கும் இரும்புக்கு அப்படி ஒட்டலாமா? வள்ளக்காரனுக்கு எல்லாமே வள்ளம்தான்.

போனில் கூப்பிட்டதும் ஜெயரூபன் கராஜுக்கு வந்து குழிக்குள் இறங்கினான். நொறுங்கிய துண்டைக் கையில் வாங்கிப் பெருவிரலால் நசித்துப் பார்த்தான். மார்க்கண்டு அண்ணை அழுகலை வெட்டி எறிந்துவிட்டுத் தடித்த இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்.

வியாழக்கிழமை பின்னேரம் புருசனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஆனையிறவுக்குப் போனாள். எண்பது. காற்று பக்கத்தால் அடித்தது. பஸ் ஒன்று கடந்தது, பின்னால் லொறி ஒன்றும் கடந்தது. ஜீப் நேராகப் போனது.

"இப்ப நேரா ஓடுறீர்," என்றான் ஜெயரூபன்.

தர்சினி ஜீப்பை ஓரங்கட்டினாள்.

"நான் எப்பவும் நேராத்தான் ஓடினனான். போனை எடுத்துச் செல்வநாயகி அக்காவோடை கதையுங்கோ. எனக்கும் கேக்கட்டும்."

எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். "அக்கா, ஜீப்பிலை ஒரு சின்னப் பிழை இருந்தது. இப்ப சரி."

"ஆர் விட்ட பிழை எண்டும் சொல்லுங்கோ," என்றாள் தர்சினி.

அவன் கடல்நீரேரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

"நான் விட்ட பிழை, அக்கா. உக்கின இரும்புக்கு மேலை பைபர் ஒட்டி வைச்சனான். தர்சினியின்ரை ஓட்டத்திலை ஒரு பிழையும் இல்லை."

செல்வநாயகி அக்கா மெல்லக் கேட்டார்.

"உந்த ஒட்டை நம்பியோ தம்பி, நீ அவளை இவ்வளவு நாளும் கொழும்புக்கு விட்டனி?"

தன்னைப் பற்றி ஊர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்த தர்சினிக்கு அப்போதுதான் அது உறைத்தது. எத்தனை இரவு, எத்தனை லொறி, பின் சீற்றில் நித்திரையாய்க் கிடந்த எத்தனை பிள்ளைகள். ஜெயரூபனின் கண் கலங்கியிருந்ததைக் கண்டாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

போனை அவன் கையில் இருந்து வாங்கினாள்.

"நாளைக்கு எயார்போட்டுக்கு நான்தான் போறன், அக்கா," என்றாள். "மகளிட்டைச் சொல்லி வையுங்கோ."

அவர் ஓம் என்று சொல்லும்வரை காத்திருந்து, ஜீப்பை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.