விலாவில் ஓர் எலாஸ்டிக்

சித்ரகலாவைச் செக்கிங் மேசைக்கு மாற்றலாம் என்று சொன்னது நான்தான். எங்கள் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் என்ற பெயரில் எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்குகிற வேலை எனக்கு. டி-சர்ட்டுக்குக் கழுத்துப்பட்டி வைத்துத் தைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பத்தொன்பது வருட அனுபவம். அப்படிப்பட்டவர் ஒரே மாதத்தில் மூன்று முறை மெஷின் மேலேயே தலைசுற்றிச் சாய்ந்தார். ஊசி விரலில் இறங்கிவிடுமோ என்று பயந்துபோனேன்.

அவருக்கு அது பெரிய இடி. செக்கிங் என்றால் நாள் முழுக்க நின்றபடி பிசிறு நூல் வெட்ட வேண்டும். டெய்லர் என்ற பெயரும் போய்விடும்.

"ஒரு பதினஞ்சு நாள் குடுங்ணா. அதுக்குள்ள சரியாகலீன்னா நானே போயிக்கறனுங்க" என்றார். கொடுத்தேன்.

ரத்தம், இதயம், நுரையீரல் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றிலும் குறையில்லை. பஞ்சுத் தூசிதான் காரணம் என்று நானே தீர்ப்புச் சொல்லியிருந்தேன். அதுவும் இல்லை. கடைசியில் பிசியோதெரபிஸ்ட் அனுப்பிரியா அவர் விலாவைச் சுற்றி ஒரு பெல்ட்டைக் கட்டி, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். மூச்சை இழுத்தால் திரையில் கோடு ஏறும், விட்டால் இறங்கும். பேசும்போது கோடு ஒழுங்காகவே ஓடியதாம்.

"மெஷின்ல உக்காந்திருக்கற மாதிரி கைய வெச்சு, தெச்சுக் காட்டுங்கக்கா" என்றிருக்கிறார் அனுப்பிரியா.

கோடு படுத்துவிட்டது. பட்டி ஒரு சுற்று முடியும்வரை எழவே இல்லை. பிறகு அவசரமாக நாலைந்து மூச்சு. அடுத்த கழுத்துக்கு மறுபடியும் தட்டை.

துணி இழுபடக் கூடாது என்று தொழில் பழகும்போது மூச்சைப் பிடித்தவர், அப்படியே பத்தொன்பது வருடம் பிடித்திருக்கிறார். தலைசுற்றல் அதனால்தானாம். ஒரு நாளைக்கு எண்ணூறு கழுத்து! கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. டார்கெட் போர்டில் அந்த எண்ணை எழுதுகிறவன் நானல்லவா?

திரையைப் பார்த்தபடி மெதுவாக மூச்சுவிடப் பழகினார். அங்கே எல்லாம் ஜோர். மெஷினில் உட்கார்ந்ததும் மறந்துபோகும். கம்ப்யூட்டரைக் கம்பெனிக்குத் தூக்கிவர முடியுமா? பத்து நாள் ஓடிவிட்டது.

பதினோராம் நாள், பெர்முடாவுக்கு வைக்கிற இடுப்பு எலாஸ்டிக்கில் ஒரு துண்டு கேட்டார். அதை வளையமாகத் தைத்து, சுடிதாருக்குள் விலாவைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். மூச்சை இழுத்தால் எலாஸ்டிக் இறுகும், விட்டால் தளரும். இரண்டும் இல்லையென்றால் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். ரொம்ப இறுக்கமாக மட்டும் வேண்டாம் என்றாராம் அனுப்பிரியா.

முதல் இரண்டு நாள் கழுத்துகள் கோணிக்கொண்டன. பாதிக்கு மேல் பிரித்துத் தைக்க வந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கே எனக்கு ஒரு விருது தரலாம்.

பதினைந்தாம் நாள் மதியம் அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு பீஸ், இரண்டு, பத்து. பட்டி வளையும் இடத்திலும் அவருடைய மூச்சு நிற்கவில்லை, தையலும் பிசகவில்லை. கடைசி பீஸை எடுத்துப்போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்ணா, மொகமெல்லாம் செவந்து கெடக்குது? மொதல்ல மூச்ச உடுங்க!"

விட்டேன். அத்தனை நேரம் பிடித்திருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. செக்கிங் மேசைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லி ஆபீசுக்குப் போன் செய்தேன்.