வெயிலைச் சொன்னவர்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்து சீட்டில் இருந்தார். நாற்பது வயதிருக்கும். முகம் கருகி, உதடு வெடித்திருந்தது. மலை ஏற ஏறப் பனிமூட்டம் உள்ளே வந்தது. எல்லோரும் ஸ்வெட்டரைத் தேட, அவர் மட்டும் பாட்டில் தண்ணீரில் துண்டை நனைத்து நனைத்துப் பிடரியில் போட்டுக்கொண்டார். என் தோளிலும் சொட்டியது.

"ஏனுங்க, இந்தக் குளிர்ல எதுக்குங்க இது?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"அஞ்சு வருசம் பாலைவனத்துல இருந்த பழக்கம். உங்களுக்கென்ன?" என்று முறைத்தார்.

பாலைவனத்தில் எந்த ஊர் என்று கேட்டேன். அவர் சொன்னது, என் தம்பி அடுத்த வாரம் கட்டட வேலைக்குப் போகவிருந்த அதே நகரம். கோபத்தை விழுங்கிக்கொண்டு, அங்கே வெயில் எப்படி என்றேன்.

"காலைல எட்டு மணிக்கே கம்பியத் தொட முடியாதுங்க. குழாயத் தொறந்தா கொதிதண்ணி. காத்தடிச்சா சோத்துல மண்ணு. என்கூட வேலை செஞ்சவன் சாரத்துலயே சுருண்டு உழுந்தான். எந்திரிக்கவே இல்லீங்க."

"ஆனாலும் எல்லாரும் போறாங்களே?"

"அப்ப அனுப்புங்க! என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?" என்று கத்திவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குப் போனதும் தம்பியின் பாஸ்போர்ட்டை எடுத்து ஒளித்துவைத்தேன். அவன் போகவில்லை. ஏற்காடு பக்கத்திலேயே தலைச்சோலையில் ஒரு எஸ்டேட்டில் காப்பி பறிக்கிறான். இரண்டு வருடமாக என்னோடு பேச்சில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். அப்போதெல்லாம் அந்த மனிதரை மனதுக்குள் திட்டுகிறேன். தம்பி உயிரோடு நடந்து போவதைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறேன்.