அப்பா பெயரைத் தேடிப் பிடித்த ஒரு வரி

எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் ஈப்போவில் கூடி மதிய விருந்து சாப்பிடுவது என்று முடிவானது. யாருக்கு எந்த மேசை என்று பிரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் புரோகிராமர். கணினியைத் தொடுகிறவனுக்குக் கல்யாணப் பந்தல் வரை எல்லாம் தெரியும் என்று எங்கள் ஆட்களுக்கு ஓர் எண்ணம்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அப்பாவையும் பெரியப்பாவையும் ஒரே மேசையில வச்சிராதடா. சுசா ஆயிடும்லா, பெரிய தொல்லை. இவரு எழுந்து போனா நானும் பின்னாடியே போவணும். ஒரு நாளாச்சும் பழைய ஆளுங்களோட உக்காந்து சாப்பிட வேணாமா?"

அப்பாவும் அவருடைய அண்ணனும் பேசி ஏழு வருடம் ஆகியிருந்தது. அப்பா ஆசையாக வளர்த்த சேவலைப் பெரியப்பா குழம்பு வைத்துவிட்டார். தெரியாமல் செய்தது என்றார். அப்பா நம்பவில்லை.

"சரிம்மா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பிறகு பெயர்ப் பட்டியல் கைக்கு வந்தது, அம்மா சொன்னது மறந்து போனது.

பட்டியலில் யார் யாருக்குச் சொந்தம் என்று ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு பெயராக உட்கார்ந்து பார்க்க எனக்குச் சோம்பல். ரெகெக்ஸ் எதற்கு இருக்கிறது? எழுத்துகள் எந்த வரிசையில் வரும் என்று சொல்லிவிட்டால், அப்படி இருப்பதையெல்லாம் கணினியே தேடிப் பிடித்துவிடும். எங்கள் ஊரில் அடையாளக் கார்டுப் பெயருக்கு நடுவே a/l அல்லது a/p இருக்கும். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று பொருள். அதனால் இப்படி எழுதினேன்:

a/[lp]\s+(.+)

அதாவது, அதற்குப் பின்னால் வருவதெல்லாம் அப்பா. அப்பா பெயர் ஒன்றானால் மேசையும் ஒன்று. கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து உட்காரட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஒரே நொடியில் வேலை முடிந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

விருந்தன்று கல்யாணமான பெண்கள் எல்லாரும் கணவனை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டு மேசையில் இருந்தார்கள். ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை. காம்பார் விரிவுரையாளர் ஒருவரும் கோலா கங்சார் லாரி ஓட்டுநர் ஒருவரும், அப்பாக்களின் பெயர் ஒன்றாக இருந்த குற்றத்துக்காக, அறிமுகமே இல்லாமல் அண்ணன் தம்பியாக உட்கார்ந்திருந்தார்கள். சிரித்துக்கொண்டே திரும்பினேன். நாலாம் மேசையில் அப்பா. பக்கத்தில் பெரியப்பா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேருக்கும் ஒரே அப்பா.

மண்டபத்தில் வேறு நாற்காலி காலியில்லை. அம்மா தன் தம்பிகளின் மேசையிலிருந்து என்னை முறைத்தார். மேசை நடுவே சுழலும் கண்ணாடித் தட்டில் மீன் வந்தது. அப்பா அதைத் தன் பக்கம் சுழற்றினார். பெரியப்பா திருப்பிச் சுழற்றினார். பாவம், மற்றவர்கள் கரண்டியை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக இருந்தார்கள்.

நாலாவது சுற்றில் பெரியப்பா மீனைப் பார்த்துக் கேட்டார்: "எவன் இந்த மேசையப் பிரிச்சது?"

அப்பாவும் மீனிடமே சொன்னார்: "என் மவன்தான்."

"அவ்வளவு படிக்க வச்சியே, கொஞ்சம் புத்தி வேணாமா?"

அம்மா எழுந்து நின்றுவிட்டார். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னாண்ணே செய்றது, சின்னதுலேர்ந்தே அவன் இப்படித்தான்."

அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அம்மா வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"பேசாம நில்லுடா" என்றார். "நல்லா திட்டட்டும்."